லூப் ஓடுச்சு, திரையில 'டன்' மட்டும் வந்துச்சு: மாக்சிமாவுல பிரிண்ட் பண்றது பத்தி

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மிணி லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துச்சு. பி.எஸ்ஸி கணக்கு படிக்குது, பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இது சாதாரணம், கேரளாவுக்குள்ளதான் இருக்கோம் ஆனா வீட்ல தமிழ், கடையில ரெண்டும், காலேஜுல லெக்சர் மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் கலந்து வரும், நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ். அதனால சந்தேகம்னு ஒண்ணு வந்தா அது எந்த பாஷையில வந்த சந்தேகம்னே முதல்ல கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

"ஏனுங்க்கா, மாக்சிமா கணக்குப் போடவே மாட்டேங்குது. லூப் எழுதினேன், எர்ரர் எதுவும் வர்ல, டன்-னு மட்டும் காட்டிட்டு நின்னுக்குது."

டன்-னா இங்கிலீஷ்ல 'முடிஞ்சுது'ன்னு அர்த்தம். இதைக் கேட்டதும் எனக்கு அப்படியே பழைய ஞாபகம் வந்துடுச்சு, ஏன்னா நானும் முதல் தடவை மாக்சிமா தொட்டப்ப இதே இடத்துலதான் ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன். யாரும் பக்கத்துல இல்ல சொல்றதுக்கு. அதனாலதான் இந்தப் பதிவு, தமிழ்ல தேடறவங்க யாருக்காச்சும் கிடைக்கட்டும்னு.

மாக்சிமா தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது கம்ப்யூட்டர்ல ஓடற ஒரு கணக்கு மென்பொருள், எண்ணை மட்டும் கூட்டிப் பெருக்கற கால்குலேட்டர் இல்ல, எக்ஸ், ஒய் எல்லாம் எழுத்தாவே வச்சுக்கிட்டு காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். இதுக்கு முன்னோடி 1968-ல அமெரிக்காவுல எம்ஐடியில ஆரம்பிச்ச மாக்சைமா, கார்ல் எங்கல்மன், வில்லியம் மார்ட்டின், ஜோயல் மோசஸ் மூணு பேரும் தொடங்கினது, லிஸ்ப்ங்கற புரோகிராம் மொழியில எழுதினது. அதோட ஒரு பிரதியை டெக்சாஸ் யுனிவர்சிட்டியில வில்லியம் ஷெல்டர் 1982-ல இருந்து தனியா பராமரிச்சுக்கிட்டே வந்தாரு, 1998-ல அதை ஜிபிஎல் உரிமத்துல, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாத்தலாம், பகிரலாம்ங்கற உரிமத்துல, வெளியிட அனுமதி வாங்கினாரு, 2001-ல இறந்துட்டாரு. இன்னைக்கு எங்க ஊர்ப் பொண்ணு ஒரு பைசா கொடுக்காம இதை லேப்டாப்ல போட்டு வச்சிருக்குன்னா அந்த மனுஷன் பண்ணின வேலை அது. எனக்கு இதை நினைச்சா நெஞ்சு நிறைஞ்சு போகும், உண்மையாவே சொல்றேன்.

சரி டன்னுக்கு வர்றேன். கமாண்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும், நான் இங்க உச்சரிப்பை மட்டும் தமிழ்ல எழுதறேன். அம்மிணி எழுதியிருந்தது இது:

ஃபார் என்:0 த்ரூ 40 டூ என்^2+என்+41;

இதுதான் லூப், என்-ங்கற இடத்துல 0-ல இருந்து 40 வரைக்கும் ஒவ்வொரு எண்ணா வச்சு அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்றது, ^2-ன்னா வர்க்கம். உள்ள இருக்கறது ஆய்லர் பேரைச் சொல்லி வழங்கற பல்லுறுப்புக்கோவை. என் 0-ல இருந்து 39 வரைக்கும் வர்ற ஒவ்வொரு எண்ணும் பகா எண். 40 போட்டா உடைஞ்சுடும். அந்த உடையற இடத்தைக் கண்ணால பாக்கணும்கறதுதான் பயிற்சியே, ஆனா திரையில ஒரே ஒரு வார்த்தை, டன்.

மாக்சிமா 41 தடவையும் கணக்குப் போட்டுச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா யாரும் அதைக் காட்டச் சொல்லல. நாம தனியா ஒரு வரி அடிச்சு கடைசியில அரைப்புள்ளி வச்சா மாக்சிமா அந்த வரியோட மதிப்பை பர்சன்ட் ஓ-ன்னு ஒரு நம்பர் போட்டுக் காட்டும், அரைப்புள்ளிக்குப் பதிலா டாலர் குறி வச்சா கணக்கைப் போட்டுட்டு வாயைத் திறக்காது. லூப்புன்னு வந்தா மொத்த லூப்பும் சேர்ந்து ஒரே ஒரு வரிதான், அந்த வரியோட மதிப்பு என்னன்னா டன். உள்ள ஒவ்வொரு சுத்துலயும் வந்த எண்ணெல்லாம் வந்துச்சு போச்சு. உள்ள நடக்கறதைப் பாக்கணும்னா நாமதான் வாய் திறந்து கேக்கணும், அந்தக் கேக்கறதுதான் பிரிண்ட்.

ஃபார் என்:0 த்ரூ 40 டூ பிரிண்ட்(என், என்^2+என்+41, பிரைம்பி(என்^2+என்+41))$

பிரைம்பிங்கறது பகா எண்ணா இல்லையான்னு பாத்து ட்ரூ இல்ல ஃபால்ஸ்னு சொல்லும். இப்ப 41 வரி வரிசையா வந்துச்சு. 0, 41, ட்ரூ. 1, 43, ட்ரூ. அப்படியே போயி கடைசி வரியில 40, 1681, ஃபால்ஸ். அம்மிணி அந்த ஃபால்ஸைப் பாத்துட்டு, "1681-ன்னா என்னுங்க்கா"ன்னு கேட்டுச்சு, காரணிப்படுத்தற ஃபேக்டர் கமாண்டைப் போடச் சொன்னேன், 41-ன்னு வந்து அதுக்கு மேல் வரியில சின்னதா 2. நாற்பத்தொண்ணோட வர்க்கம். அது தானாப் பாத்துக் கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சந்தோஷம் முகத்துல. டன்-னு சொல்ற திரையில இருந்து இந்த சந்தோஷம் கிடைச்சிருக்காது.

இந்த அரைப்புள்ளி சமாச்சாரத்துல இன்னொண்ணு. மேட்லேப், பாரி ஜிபி மாதிரி வேற கணக்கு மென்பொருள் சிலதுல அரைப்புள்ளி வச்சா வெளியீடு வராது, மாக்சிமாவுல வச்சாத்தான் வரும். நேர் எதிர். லேப்ல ஒரு செமஸ்டர் அது, அடுத்த செமஸ்டர் இதுன்னு படிக்கறவங்க இதை முதல் நாளே நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. அதே மாதிரி மதிப்பு கொடுக்கறதுக்கு முக்காற்புள்ளி, சமக்குறி கிடையாது. பிரிண்ட்(எக்ஸ்=5)-ன்னு போட்டா திரையில எக்ஸ் = 5-ன்னு அழகா வரும், ஆனா எக்ஸுக்குள்ள 5 போகவே இல்ல, அது வெறும் சமன்பாட்டைக் காட்டுது அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணிக் கணக்கு. இது நான் கொடுத்த பயிற்சி. எங்க பகுதிக்கு ஆழியாறு தண்ணி எவ்வளவு முக்கியம்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் இடையில பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல கையெழுத்தாச்சு, 1958-ல இருந்தே செல்லும்னு முன்தேதியிட்டு. அதுல சித்தூர் பள்ளத்தாக்குக்காக மணக்கடவு அணைக்கட்டுல ஒரு தண்ணி வருஷத்துக்கு, அதாவது ஜூலை 1-ல இருந்து ஜூன் 30 வரைக்கும், 7.25 டிஎம்சி கேரளாவுக்கு வரணும். அங்கிருந்து மூலத்தறை ரெகுலேட்டர் வந்து கால்வாய்ல பிரியும். எங்க அப்பா இதை ஏழேகால் டிஎம்சின்னுதான் சொல்வாரு, ஏழு புள்ளி ரெண்டு அஞ்சுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. டீக்கடையில பேசறவங்களும் அப்படித்தான், ஏழேகால்.

அந்த ஏழேகால்ங்கறதை மாக்சிமா கிட்ட 29/4-ன்னு கொடுத்தா அது 29/4-ஆவே வச்சுக்கும், தசமமா மாத்தாது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், எங்க அப்பாவும் மாக்சிமாவும் கணக்கைப் பின்னமாவே வச்சுக்கற கட்சி. ஒரு அடிங்கறது 0.3048 மீட்டர், இது வரையறை, துல்லியமானது. பின்னமா எழுதினா 381/1250. ஒரு டிஎம்சிங்கறது நூறு கோடி கன அடி. எல்லாத்தையும் பெருக்கி கன மீட்டர்ல பிரிண்ட் பண்ணினா வர்றது:

25662142224
-----------
    125

மேல ஒரு வரி, நடுவுல கோடு, கீழ ஒரு வரி. அம்மிணி சிரிச்சுது, இது என்னுங்க்கா நோட்டுல எழுதற மாதிரியே வருதுன்னு. ஆமா, அந்தக் காலத்து டெர்மினல்ல எழுத்தைத் தவிர வேற எதுவும் வராது, அதனால சிறுகோட்டை வரிசையா அடுக்கித்தான் பின்னக்கோடு, அடுக்கு எண்ணை மேல் வரிக்குத் தூக்கித்தான் வர்க்கம். தொகையீட்டுக் குறியைக்கூட சாய்கோடு, சதுர அடைப்பு, ஐ எழுத்து, மறுபடி அடைப்பு, சாய்கோடுன்னு அஞ்சு வரியில அடுக்கி வரைஞ்சிருப்பாங்க. கன்சோல்ல இன்னைக்கும் அப்படித்தான் வரும். மாக்சிமாவுக்கு மெனு, பட்டன் எல்லாம் வச்ச முகப்பான டபிள்யூஎக்ஸ்மாக்சிமா போட்டா புத்தகத்துல அச்சடிச்ச மாதிரி வரும், அதுல எண்டர் மட்டும் பத்தாது, ஷிஃப்ட்டும் எண்டரும் சேர்த்து அமுக்கணும். இந்த மாடிப்படி எல்லாம் வேண்டாம், ஒரே வரியில வரணும்னா டிஸ்ப்ளே2டி-ங்கற மாறியை ஃபால்ஸ் ஆக்கிடுங்க. வந்த விடையைக் காப்பி பண்ணி மறுபடி மாக்சிமாவுக்கே கொடுக்கணும்னா கிரைண்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒட்டணும்னா டெக்ஸ், அது கணக்கை அழகா அச்சடிக்கற டெக்ஸ் முறையில எழுதிக் கொடுக்கும். எல்லாத்துலயும் உள்ள இருக்கற மதிப்பு ஒண்ணுதான், வெளிய வர்ற உருவம்தான் வேற வேற.

இதே கணக்குல 381/1250-க்குப் பதிலா நேரா 0.3048-ன்னு அடிச்சுட்டு அதை ரேட் கமாண்ட்ல போட்டுப் பாருங்க, நாம பிரிண்டே போடாம மாக்சிமா தானா ஒரு வரி சொல்லும், 0.3048-ஐ 381/1250-ன்னு மாத்திக்கிட்டேன்னு. தசமத்தைப் பின்னமா மாத்தறப்ப உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் மாத்தும். ரேட்பிரிண்ட்-ங்கறதை ஃபால்ஸ் ஆக்கினா இந்த அறிவிப்பு நிக்கும், ஆனா படிக்கற பிள்ளைங்க அதை நிறுத்தாதீங்க, அது சொல்றதைப் படிங்க.

பின்னத்தை ஃப்ளோட் பண்ணினா, அதாவது தசமமா மாத்தினா, 2.05297137792இ+8-ன்னு வந்துச்சு, இ+8-ன்னா புள்ளியை எட்டு இடம் வலது பக்கம் தள்ளணும்னு அர்த்தம். இதை எங்க அப்பா கிட்ட காட்ட முடியுமா? இங்கதான் பிரிண்ட் பத்தாம பிரிண்ட்எஃப் தேவைப்படுது. பிரிண்ட்எஃப்-ல முதல்ல ட்ரூ-ன்னு கொடுக்கணும், அப்பத்தான் திரைக்கு வரும், ஃபால்ஸ் கொடுத்தா திரைக்கு வராது, சரமா, அதாவது எழுத்துத் தொடரா, நம்ம கைக்கு வரும். அப்புறம் மேற்கோளுக்குள்ள அச்சு எப்படி வேணும்னு சொல்லணும். அலைக்குறி, கமா, 3, எஃப் எழுத்து, இந்த நாலும் சேர்ந்தா புள்ளிக்கப்புறம் மூணு இலக்கம்னு அர்த்தம். அலைக்குறியும் சதவீதக்குறியும் சேர்ந்தா அடுத்த வரி. பிரிண்ட் தானா அடுத்த வரிக்குப் போயிடும், பிரிண்ட்எஃப் போகாது, சொன்னாத்தான் போகும். இந்த அலைக்குறி வேலையெல்லாம் லிஸ்ப்போட ஃபார்மேட்ல இருந்து வந்தது. போட்டதும் 205297137.792, அதாவது இருபது கோடியே ஐம்பத்திரெண்டு லட்சத்துச் சொச்சம் கன மீட்டர். 365 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 562457.912. விநாடிக்குப் போட்டா ஆறரை கன மீட்டர், பேப்பர்ல வர்ற கணக்குப்படி சொன்னா சுமார் 230 கன அடி. சராசரிதான் இது, தண்ணி என்னவோ திறந்து விடறப்பத்தான் வரும்.

இதுவரைக்கும் எல்லாம் சுகம். அப்புறம் ஒரு விடை வந்துச்சு பாருங்க, அதுதான் நான் இதை எழுத உக்காந்ததுக்கே காரணம்.

அம்மிணி தானாவே ஒரு ஃபங்க்ஷன் எழுதுச்சு, டிஎம்சி கொடுத்தா கன மீட்டர் தர்ற மாதிரி. உள்ள பெருக்கி ஆர்-ங்கற பேர்ல வச்சு, கடைசி வரியில பிரிண்ட்(ஆர், "கனமீட்டர்"). அலகு போட்டு எழுதுன்னு நான்தான் பழக்கியிருந்தேன், நல்ல பழக்கம்தான். ஓட்டினா எண்ணும் பக்கத்துல கனமீட்டரும் சரியா வந்துச்சு. அடுத்து ரெண்டு வருஷத்துக்கு எவ்வளவுன்னு பாக்க அந்த ஃபங்க்ஷனை 2-ஆல பெருக்குச்சு. முதல் வரியில பழைய எண் வந்துச்சு, அதுக்குக் கீழ பர்சன்ட் ஓ போட்டு விடை:

2 கனமீட்டர்

ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு கன மீட்டர். எர்ரர் இல்ல, எச்சரிக்கை இல்ல, எண்ணும் இருக்கு அலகும் இருக்கு, பாக்கறதுக்கு நூத்துக்கு நூறு விடை மாதிரியே இருக்கு.

என்ன நடந்துச்சுன்னா, பிரிண்ட் ரெண்டு வேலை பண்ணுது. கொடுத்ததை எல்லாம் இடமிருந்து வலமா திரையில போடுது, போட்டுட்டு தன்னோட மதிப்பா கடைசியா கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்குது. கடைசியா கொடுத்தது "கனமீட்டர்"ங்கற சரம். ஃபங்க்ஷனோட கடைசி வரி பிரிண்ட், அதனால ஃபங்க்ஷனோட மதிப்பும் அந்தச் சரம்தான், எண் கிடையாது. வேற மொழியா இருந்தா சரத்தை 2-ஆல பெருக்காதேன்னு சத்தம் போட்டிருக்கலாம், மாக்சிமா எழுத்துக் கணக்கு போடற மொழி, அதுக்கு எக்ஸும் ஒண்ணுதான் கனமீட்டரும் ஒண்ணுதான், 2 எக்ஸ் மாதிரி 2 கனமீட்டர்னு அமைதியா வச்சுக்கிச்சு. போதாததுக்கு சரத்தைக் காட்டறப்ப மேற்கோள் குறியும் போடாது, ஸ்ட்ரிங்டிஸ்ப்-ங்கறதை ட்ரூ ஆக்கினாத்தான் போடும். அதைப் போட்டிருந்தா கனமீட்டர் மேற்கோளுக்குள்ள வந்திருக்கும், உடனே கண்ணுல பட்டிருக்கும். பிழை தேடறப்ப நான் முதல்ல பண்றது இப்ப அதுதான்.

வேடிக்கை என்னன்னா அலகை முன்னாடி போட்டு பிரிண்ட்("கனமீட்டர்:", ஆர்)-ன்னு எழுதியிருந்தா கடைசியா இருக்கறது ஆர், பெருக்கலும் சரியா வந்திருக்கும், அம்மிணிக்கு இந்தப் பிழை இருக்கறதே தெரிஞ்சிருக்காது. காட்டறதுல வார்த்தையை முன்னாடி வைக்கறதா பின்னாடி வைக்கறதாங்கறது விடையையே மாத்துது, இது சரியில்லைன்னு எனக்குத் தோணுது, அதனால நான் சொல்றது ஒண்ணுதான்: ஃபங்க்ஷனோட கடைசி வரியை பிரிண்ட் கிட்ட விடாதீங்க. பிரிண்ட் எங்க வேணும்னாலும் எத்தனை வேணும்னாலும் போடுங்க, முடிக்கறப்ப ஒரு கமா போட்டு ஆர்-ன்னு மதிப்பை மட்டும் எழுதி முடிங்க. கமாதான், உள்ள அரைப்புள்ளி வச்சா இலக்கணப் பிழைன்னு நின்னுடும்.

அம்மிணி அப்படியே மாத்தி எழுதுச்சு. 2-ஆல பெருக்கினா இப்ப 51324284448-க்குக் கீழ 125. அதைப் பாத்தப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

கடைசியா ஒரு அட்டவணை. தமிழ்ல பேர் போட்டு வரணும்னு அதுக்கு ஆசை, ஆழியாறு, மணக்கடவு, மூலத்தறைன்னு முதல் பத்தியில, எண் ரெண்டாவது பத்தியில. நானும் சந்தோஷமா ஒத்துக்கிட்டேன். மேற்கோளுக்குள்ள தமிழ் தாராளமா வரும். பிரிண்ட்எஃப்-ல அலைக்குறி, 20, ஏ எழுத்து போட்டா இருபது இடம் ஒதுக்கி மிச்சத்துக்கு வெத்திடம் நிரப்பும், அதுதான் வழி. போட்டா எண் பத்தி வளைஞ்சு வளைஞ்சு வருது, வாய்க்கால் மாதிரி. எஸ்லெங்த் போட்டு நீளம் கேட்டோம், ஆழியாறுக்கு 7-ன்னு சொல்லுச்சு. நமக்கு அது நாலு எழுத்து. ஆ ஒண்ணு, ழ ஒண்ணு அதோட கொக்கி ஒண்ணு, ய ஒண்ணு கால் ஒண்ணு, ற ஒண்ணு அதோட உகரக் குறி ஒண்ணு, ஆக ஏழு. மணக்கடவு நமக்கு ஆறு, அதுக்கு எட்டு. மூலத்தறை நமக்கு அஞ்சு, அதுக்கும் எட்டு. எஸ்பிசிஎல்-ங்கற லிஸ்ப் மேல கட்டின மாக்சிமாவுல இந்த எண்ணிக்கை. புள்ளியையும் கொக்கியையும் அது தனித்தனி இடமா எண்ணி வெத்திடத்தைக் குறைச்சுடுது, திரையில அதெல்லாம் எழுத்தோட ஒட்டிக்குது.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, எண்ணை முதல்ல போடு, அலைக்குறி, 15, கமா, 3, எஃப்-னு பதினஞ்சு இடத்துல வலது ஓரம் ஒட்டி நிக்கும், தமிழ்ப் பேரை வரியோட கடைசியில போடு, அதுக்கப்புறம் எதுவும் இல்லாததால வளைஞ்சாலும் தெரியாது. "அப்ப வார்த்தை கடைசிக்குப் போகுதுங்களே, மறுபடியும் ரெண்டு கனமீட்டர்னு வந்துடாதுங்களா"ன்னு அம்மிணி உடனே கேட்டுச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள அதுவே ஃபங்க்ஷனுக்குள்ள போயி கடைசி வரியைப் பாத்துட்டு, கமா, ஆர், இருக்குதுங்க்கான்னு சொல்லிட்டு, லூப் முழுசையும் வித்_எஸ்டிடிஅவுட் உள்ள போட்டு ஒரு ஃபைல்ல எழுதச் சொல்லி ஓட்டிட்டு, பிரிண்ட் அவுட் எடுக்கறதுக்கு பென் டிரைவை எங்க வச்சேன்னு தேட ஆரம்பிச்சுடுச்சு.